கோர் வயலில் நடக்காத சண்டை

எங்கள் ஊர் டிக்கல்பியில் கோர் வயல் என்றால் ரத்த வயல். சிந்திய ரத்தத்துக்கு எங்கள் ஆங்கிலத்தில் கோர் என்றுதான் பெயர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சண்டை நடந்து முப்பது இளைஞர்கள் வெட்டுப்பட்டுச் செத்தார்களாம். எங்கள் மதுக்கடைப் பலகையில்கூட உடைந்த வாள்தான்.

அந்தக் கதையைக் கட்டிக் காத்தவன் செட்ரிக், என் பள்ளித் தோழன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்த வயலில் இருபது வீடு கட்ட ஒருவன் வந்தபோது, போர் நடந்த மண்ணைத் தொடக்கூடாது என்று செட்ரிக்தான் மனுப் போட்டான். விசாரிக்க மாவட்ட அதிகாரி வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு.

நான் தையல்காரி. கூட்டத்துக்கு ஒரு பதாகை தைக்கச் சொல்லி, அந்தக் காலத்துப் பண்ணைச் சுவடியின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை எழுதிய பண்ணைக் கணக்கன் ஓரத்தில் கோர் வயலை வரைந்திருந்தான். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். என் மேஜையில் டீச்சரம்மாவின் பாவாடைக்கு வெட்டிய முக்கோணத் துண்டு கிடந்தது. அச்சு அசலாக அதே வடிவம். தையலில் அந்தத் துண்டுக்கும் கோர் என்றுதான் பெயர்! தினமும் வெட்டுகிறேன், தினமும் சொல்கிறேன், என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். உழுததுபோக மூலையில் மிஞ்சும் முக்கோண நிலத்துக்கும் கோர் என்றுதான் பழைய பெயராம்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வயல் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பொய்க்கு நானே பதாகை தைத்த மாதிரி ஆகிவிடும். புதன்கிழமை சொல்லிவிட்டேன்.

"செட்ரிக், இது ரத்தம் இல்லடா. பாவாடைத் துண்டு."

"தையல் மெஷினுக்கு சரித்திரம் வேற தெரியுமாக்கும்," என்றான். ஆனாலும் துணியை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். போட்ட டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

மறுநாள் தேவாலயக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. சண்டை நடந்ததற்கு என்ன ஆதாரம் என்று மாவட்ட அதிகாரி அம்மாள் கேட்டார். செட்ரிக் எழுந்தான். எதையாவது சொல்லிச் சமாளிக்கட்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், நான் ஏன் அதை மறைக்க வேண்டும்.

"சண்டையே நடக்கலைங்கம்மா. அது சும்மா ஒரு மூலை நிலம். மனுவத் திரும்ப வாங்கிக்கறேன்."

பின்வரிசையில் மதுக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? இருபது வீடு வந்து நிக்கப் போவுது."

செட்ரிக் திரும்பினான். "தெரியும். நாப்பது வருஷமா அந்த முப்பது பசங்கள நெனச்சு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்பப் பாத்தா ஒருத்தனும் சாகலையாம். அத எப்படி நான் மறைக்கிறது?"

அவன் உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். வயல் போய்விட்டது, என் வாயால்தான் போனது. ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.