ராசா காலத்து மில்

தெல்தெனியவில் ஹுலு கங்கைக் கரையிலிருந்த பளீல் முதலாளியின் நெல் மில்லுக்கு 1933 வரை வரலாறு என்று ஒன்று இருக்கவில்லை. அதற்கான தேவையும் இருக்கவில்லை. கோப்பிச் செடிகள் நோயில் செத்தபோது ஒரு வெள்ளைக்காரத் துரை கைவிட்டுப் போன பட்டறை அது. முதலாளியின் வாப்பா அதை ஏலத்தில் வாங்கி, ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் சக்கரத்தோடு நெல் குத்தும் உரல்களைப் பூட்டினார். இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். முதலாளிக்குப் போதவில்லை.

காரணம் அக்குறணை ஹபீல் ஹாஜியார். முதலாளியின் மகள் ரபீகாவைத் தம் மகனுக்குக் கேட்டு வந்தவர், தம் மூதாதையர் கண்டி ராசாவுக்கு மருந்து அரைத்த கதையை எடுத்தார். தேத்தண்ணி முடியும்வரை ராசாவுக்கு நோய் மாறவில்லை. பிறகு கேட்டார்: "ஒங்கட குடும்பம் எந்தக் காலத்திலேந்து இங்க ஈக்குது?"

"நாங்களும் ராசா காலந்தான்." வாயிலிருந்த வட்டிலப்பம் இறங்குவதற்குள் வார்த்தை முந்திக்கொண்டது. "இந்த மில்லே ராசா காலத்து மில். அரமனைக்கு அரிசி இங்கேந்துதான் போனது."

கதவுக்குப் பின்னால் நின்ற மனைவி ஆஸியா உம்மாவுக்கு இருமல் வந்தது.

"அப்ப சரி," என்றார் ஹாஜியார். "புது எஞ்சின் பூட்டுறீங்களாமே. அந்தக் கூட்டத்தில நாலு பேருக்கு முன்னால இதச் சொல்லுங்க. எங்கட ஆக்களையும் கூட்டிக்கிட்டு வாரேன். அவங்க காதால கேட்டாத்தான் கல்யாணத்துக்குத் தலையாட்டுவாங்க."

ஆக, ரபீகாவின் கல்யாணம் ஒரு பிரசங்கத்தில் தொங்கியது.

எஞ்சின் திறப்பு நாளில் முதலாளி கோட்டு மாட்டிக்கொண்டு பேசினார். அரண்மனைக்கு அரிசி முதலில் வண்டியில் போனது. கைதட்டல் கேட்டதும் யானையில் போனது.

எஞ்சின்காரன் கறுப்பையா மனைவி அழகம்மாவிடம் முணுமுணுத்தான்: "போன வாரம் வரைக்கும் இவங்க வாப்பா வாங்குனதுன்னாரு. இப்ப யானை வந்துருச்சு."

"சும்மா இருங்க. யானைக்குச் சாணி அள்ளச் சொல்லாதவரைக்கும் நமக்கென்ன?"

முன்வரிசைக் கதிரையிலிருந்து நிலமே எழுந்தார். அக்கரையிலுள்ள விஷ்ணு தேவாலையின் காணிகளைப் பார்த்துக்கொள்பவர். மிகச் சந்தோஷம் என்று சிங்களத்தில் தொடங்கினார். இந்தக் கரை முழுவதும் ராசா தேவாலைக்கு எழுதிவைத்தது. ஆளில்லாத வெறுங்காடு என்று சொல்லித்தான் வெள்ளைக்காரன் இந்தத் துண்டை விற்றான். மறுத்துச் சொல்ல ஆளில்லாததால் தேவாலையும் பேசாமல் இருந்தது. ராசா காலத்திலேயே இங்கே மில் இருந்ததென்று இன்று முதலாளியே சாட்சி சொல்லிவிட்டார். தேவாலைக் காணியில் மில் வைத்தவர், பெரஹரா ஊர்வலத் திருவிழாவுக்குப் படைக்கும் அரிசியைக் குத்திக் கொடுக்கும் ஊழியத்துக்கும் உரியவர். பெரஹரா நடக்கும் எசல மாதம் வருகிறது, அதிலேயே தொடங்கலாம்.

"அல்லது முதலாளி பேசியதில் ஏதும் பிழை இருக்குமோ?" என்றும் பணிவாகக் கேட்டார்.

அக்குறணை வரிசை மொத்தமும் முதலாளியின் பக்கம் திரும்பியது. பிழை என்றால் மில் தப்பும். ரபீகா வீட்டில் இருப்பாள்.

"ஒரு பிழையுமில்ல, ஹாமு," என்றார் முதலாளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "எங்கட மூத்தவங்க செஞ்சதுதான். நாங்க மறந்திட்டம்."

நிலமே உட்காரவில்லை. இன்னொன்று இருந்தது. தெய்வத்துக்குப் போகும் அரிசி ராசா காலத்தைப்போல கையால் குத்தியதாக இருக்க வேண்டும். அந்த நெல் முற்றத்தில் கிடக்கும்வரை எஞ்சின் புகை அதன்மேல் படக்கூடாது.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. எசல மாதமும் வந்தது. புது எஞ்சின் சாக்குப் போர்த்திக்கொண்டு படுத்திருக்க, அழகம்மாவும் நாலைந்து பெண்களும் முற்றத்தில் உலக்கை போட்டார்கள். ஊரார் நெல் ஏற்றிய வண்டிகளைத் திகனப் பக்கத்து மில்லுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"ரபீகாட வாப்பா," என்றார் ஆஸியா உம்மா. "புள்ளதான் கட்டிப் போயிட்டாளே. இனியாவது நிலமேக்கிட்ட உண்மையச் சொல்லி இந்த உலக்கய நிப்பாட்டுங்களேன்."

"சொல்லத்தான் நெனச்சிக்கிட்டு ஈந்தேன். நேத்து சம்பந்தி வந்தாரு. அரிசி தேவாலைக்குப் போறப்ப அவங்க ஆக்களுக்கும் எங்களோட நடக்க எடம் தரணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரட்டும். ஆனா முன்னால நான்தான்."

அவர் இறங்கிப் போய், தவிடு சரியாக நீங்கியிருக்கிறதா என்று அழகம்மாவின் சுளகில் கைவிட்டுப் பார்த்தார்.