சும்மா இருக்காத கை

காத்தாடி என்று ஒரு மனுஷனுக்குப் பட்டப்பெயர் வந்திருக்கிறது என்றால் சும்மா வந்திருக்குமா? அந்த சலூனுக்குள் கால் வைத்த எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றிச் சுற்றி வருவான். நடுவில் ஓடிப்போய் ரேடியோவைத் திருகுவான். வாசலில் போகிறவனைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பான். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வெட்டுவான். "எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்று யாராவது கேட்டால், "இதோ, ரெண்டே நிமிஷம்!" என்பான். சொன்னபடி முடித்தும் விடுவான், அதையும் சொல்ல வேண்டும்.

பக்கத்து நாற்காலி நிதானத்தினுடையது. அதுவும் பட்டப்பெயர்தான். நிதானம் ஒரு கிருதாவைச் சரி பண்ணுவதற்குள் காத்தாடி மூன்று தலைகளை முடித்து அனுப்பியிருப்பான். ஆனாலும் ஜனம் நிதானத்துக்காகத்தான் காத்துக் கிடக்கும். நேரம் கேட்டால் அவன் தலையைக்கூட நிமிர்த்த மாட்டான். "ஆகுறப்ப ஆகும், உக்காருங்க" என்பான். கேட்டவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காத்தாடிக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டா என்றால், உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பெருமையும் உண்டு. என் மாப்ளையைப் போல ஒரு பொறுமைசாலி உலகத்தில் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்தான்.

அந்த நிதானம் காய்ச்சல் என்று படுத்தான். காய்ச்சல் வேறு என்னென்னவோ ஆகி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தான். போனவனின் நாற்காலி மேல் காத்தாடி ஒரு துண்டை விரித்துப் போட்டான். அதில் யாரையும் உட்காரவிடவில்லை. கூட்டம் அலைமோதும் நாளில்கூட, "அது ரிப்பேர்" என்று சொல்லிவிடுவான். ரிப்பேராவது ஒன்றாவது.

நாற்காலியைத் துண்டு போட்டு மூடலாம், செடிகளை என்ன செய்வது? நிதானத்துக்கு இருந்த ஒரே பைத்தியம் அது. கண்ணாடிக்கு மேல் பலகையில் வரிசையாகக் காலி கிரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கற்றாழைக் குஞ்சு. தலை அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் மணி பிளான்ட். ஜன்னலில் குரோட்டன்ஸ். இவையெல்லாம் படைவீரர்கள் என்றால் ராஜா ஒன்று இருந்தது. நிதானத்தின் கண்ணாடியைச் சுற்றிப் படர்ந்திருந்த ஒரு கொடி. மெழுகில் வார்த்த மாதிரித் தடித்த இலை. வைத்த நாளிலிருந்து ஒரு பூ பூத்ததில்லை. "அடுத்த வருஷம் பூக்கும்டா" என்பான் நிதானம், வருஷா வருஷம்.

நிதானத்தின் மனைவி காத்தாடிக்குத் தங்கச்சி முறை. கூடப் பிறந்ததில்லை, மாப்ளை என்று கூப்பிட்ட பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட உறவு. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, வீட்டைக் காலி பண்றேன். பொண்ணு அங்க வந்துடுன்னு ஒரே பிடிவாதமா நிக்கிறா. மாசக் கடைசியில கிளம்பணும்."

"செடியெல்லாம்?"

"செடியெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கொடி இந்த வருஷம் கண்டிப்பா பூக்கும்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அடிச்சுச் சொன்னாரு. போறதுக்குள்ள ஒரு தடவை அதைப் பாத்துட்டுப் போயிடணும். மொட்டு வந்தா ஒரு போன் பண்ணுங்க."

"பண்றேன்மா. கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன்."

கண்ணில் வைத்துத்தான் பார்த்தான், பாவம். பார்வையோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தினமும் கடை திறந்ததும் முதல் வேலை கொடிக்கு முன்னால் நிற்பது. தண்ணீர் ஊற்றுவான். ஊற்றியது போதுமா என்று மண்ணைக் கிளறுவான். கிளறியது அதிகமோ என்று அமுக்குவான். கொடி இருந்த பூந்தொட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்துவான், வெயில் அடித்தால் பதறிப்போய் உள்ளே இழுப்பான். வீட்டுக்குப் போனாலும் இருப்புக் கொள்ளவில்லை. "சாப்பிடுறீங்களா, இல்ல தட்டைச் சுத்தி ஊர்வலம் போறீங்களா?" என்று அவன் மனைவி கேட்டாள். நிதானம் இருந்தவரை தன் பரபரப்பை இறக்கி வைக்க ஓர் ஆள் இருந்தான், இப்போது அது முழுக்கத் தன் தலையிலேயே நிற்கிறது என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. மாப்ளை இல்லாமல் அவனுக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை.

ஒருநாள் மதியம் கடையில் ஈ காக்காய் இல்லை. ரேடியோவில் எவனோ பேசிக்கொண்டே இருந்தான். காத்தாடி கத்திரியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இலையெல்லாம் அழகு. ஆனால் நடுவில் இரண்டு மூன்று காம்புகள், ஒரு இலைகூட இல்லாமல் மொட்டை மொட்டையாக, கண்ணாடியை மறைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தன. சீவிய தலையில் நாலு முடி மட்டும் படியாமல் நின்றால் ஒரு சலூன்காரனுக்கு எப்படி இருக்கும்? கை தானாகப் போனது. கறுக், கறுக், கறுக். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். ரொம்ப லட்சணமாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு மனசு ஒரு நிமிஷம் அடங்கிய மாதிரிகூட இருந்தது.

சாயங்காலம் செடி விற்கும் நர்சரிக்காரர் சவரத்துக்கு வந்தார். பாதி முகம் நுரையோடு இருக்கும்போது அவர் பார்வை தரையில் கிடந்த குப்பையில் விழுந்தது. முடியோடு முடியாக அந்தக் காம்புகள்.

"அது என்னய்யா?"

"சும்மா மொட்டையா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எடுத்து விட்டேன்."

நர்சரிக்காரர் கழுத்துத் துண்டோடு எழுந்தே விட்டார். "அடப்பாவி மனுஷா! அதுலதான்யா பூவே வரும்! வருஷா வருஷம் அதே காம்புலதான் பூக்கும். அதை வெட்டினா அது திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நுனியைப் பாரு, குட்டி குட்டியா முடிச்சு விட்டிருக்கு பாரு. மொட்டுய்யா அது!"

காத்தாடி அப்படியே தரையில் குனிந்தான். காம்புகளை முடியிலிருந்து பொறுக்கினான், ஊதினான். கத்தி பட்ட காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்து வந்து, வெட்டிய இடத்தில் காம்பை வைத்துச் சுற்றி ஒட்டினான். "ஒட்டுமா? ஒட்டிக்குமா சார்?" என்று கேட்டான். நர்சரிக்காரர் மீதி நுரையைத் தானே துடைத்துக்கொண்டார்.

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "இதே ஜாதிக் கொடி என்கிட்ட ஒண்ணு மொட்டோட நிக்குது. கொண்டு வந்து மாட்டு. யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்குத் தெரியப் போகிறது! மறுநாளே அதைக் கொண்டு வந்து, நிதானத்தின் கண்ணாடியைச் சுற்றிப் படரவிட்டான். பழைய கொடியைப் பிளாஸ்திரியோடு உள்ளே, தலை அலசும் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். தங்கச்சிக்கு போன் போட்டு, "மொட்டு வந்துடுச்சும்மா" என்றான். வாழ்நாளில் எத்தனையோ புளுகு புளுகியிருக்கிறான். மாப்ளையை வைத்துப் புளுகியதில்லை. நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய், எனக்கு ஒரு மதியம் பொறுக்க முடியவில்லையே என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் திட்டிக்கொண்டான், தன்னைத்தான்.

கடைக்கு விடுமுறை நாளில் அவள் வந்தாள். பாதிக் கதவுதான் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் காத்தாடிக்கு முதலில் கண்ணில் பட்டது தலைமுடி. எப்போதும் கழுத்து அளவுக்குக் கத்தரித்திருப்பாள், நிதானம் வீட்டிலேயே வெட்டிவிடுவான். இப்போது அது தோளைத் தாண்டி, நுனியெல்லாம் கோணலாகத் தொங்கியது.

அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று மொட்டுகளைப் பார்த்தாள். இலையை ஒரு விரலால் தடவினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லா இருக்குண்ணே" என்றாள். "பஸ்ல கையெல்லாம் பிசுக்கு. கழுவிட்டு வரேன்."

"இரும்மா, நான் தண்ணி கொண்டு..." என்று காத்தாடி பாய்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. பிறகு அவள் பழைய கொடியைத் தொட்டியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, இதுக்கு எதுக்குப் பிளாஸ்திரி?"

காத்தாடி ஒரேயடியாகக் கொட்டிவிட்டான். மதியம், ரேடியோ, கத்திரி, நர்சரிக்காரர், போன், எல்லாம். "என் கையை வெட்டிப் போடணும்மா. அவன் பொறுமையா காத்துக்கிட்டு இருந்தான், நான் கெடுத்துட்டேன். உன்கிட்டயும் புளுகிட்டேன். மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல."

அவள் தொட்டியை இறக்கி வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் பதறிப்போய்ப் பார்த்தால், சிரிக்கிறாள்.

"பொறுமையா? அவரா?" என்றாள். "வருஷா வருஷம் இந்தக் காம்பு வரும். வருஷா வருஷம் இவரு வெட்டிடுவாரு. வீட்டுக்கு வந்து, 'இன்னைக்கும் கை போயிடுச்சுடி'ன்னு தலையில அடிச்சுப்பாரு. வெட்டக்கூடாதுன்னு நல்லாத் தெரியும். ஆனா மொட்டையா நீட்டிக்கிட்டு நின்னா அவருக்குத் தாங்காது. ஒரு தடவை கத்திரியை வீட்டுலயே வச்சுட்டுப் போனாரு, நகத்தால கிள்ளிட்டு வந்தாரு."

காத்தாடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. 'அவன்தான் என்னைப் பொறுமைசாலின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான், அவன் முன்னாடி மானம் போயிடும்'னு."

"அப்போ இந்த வருஷம் கண்டிப்பா பூக்கும்னு..."

"இந்த வருஷம்தான் அவரு படுத்துட்டாரே. வெட்ட ஆள் இல்லையே. அதனாலதான் அவ்வளவு தைரியமா சொன்னாரு." இப்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிரிப்பும் நிற்கவில்லை. "போன இடத்துல இருந்துகிட்டே உங்க கையை வச்சு வெட்டிட்டாரு பாருங்க."

காத்தாடி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மாப்ளை செத்த அன்றைக்கு ஓடியாடி எல்லா வேலையும் பார்த்தவன், சுடுகாட்டில்கூட நாலு பேரை விரட்டிக்கொண்டு இருந்தவன், இப்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். "திருட்டுப் பயலே, என்கிட்ட மறைச்சிட்டியேடா" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவள் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவள் நாற்காலியின் மேல் கிடந்த துண்டை எடுத்து உதறினாள். நிதானத்தின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். துண்டைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"வெட்டுங்க."

"நானா?"

"கல்யாணமானதுலேர்ந்து வேற யாரும் என் தலையில கை வச்சதில்ல. இதைப் போய் எவன்கிட்டயோ எப்படி வெட்டிக்கிறதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டேன். உங்க கைதான் சும்மா இருக்காதே. இதை வெட்டுங்க."

"அவன் எப்படி வெட்டுவான்?"

"பக்கத்துலயே நின்னு இத்தனை வருஷம் பாத்தீங்க. என்னைக் கேக்குறீங்க."

காத்தாடி கையைக் கழுவிக்கொண்டு வந்தான். நிதானத்தின் சீப்பை எடுத்தான். முடியை நனைத்து, பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெட்டினான். ஒவ்வொரு கற்றைக்கும் நிறுத்தி, கண்ணாடியில் பார்த்து, மறுபடி வெட்டினான். பழைய கொடி காலடியில் பிளாஸ்திரியோடு இருந்தது. முடி அதன் இலை மேல் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதிக் கதவு வழியாக யாரோ தலையை நீட்டினார். பழைய வாடிக்கையாளர் ஒருவர்.

"கடை இருக்கா? எவ்வளவு நேரம் ஆகும்?"

காத்தாடி தலையை நிமிர்த்தவில்லை.

"ஆகுறப்ப ஆகும்," என்றான். "உக்காருங்க."