சாமியாருக்கு வந்த நடுக்கம்

அத்தாயியின் மகள் பாவாயிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். வந்தால் கயிற்றுக் கட்டிலே கிடுகிடுக்கும். விட்டால் பிள்ளை பிழிந்துபோட்ட துணியாய்க் கிடக்கும். இந்த மாதம் தாண்டுவாளா என்றே அத்தாயிக்குச் சந்தேகம்.

அடிவாரத்துப் பேளுக்குறிச்சி தபாலாபீசில் இந்தக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை விற்பது கொல்லிமலை முழுக்கத் தெரியும். ஆனால் கீழ்நாட்டுச் சாமியார் ஒருவர் வந்து ஊரில் குந்திய பிறகு யாரும் அதைத் தொடவில்லை. "வெள்ளைக்காரன் மருந்து வயிற்றுக்குள் போனால் காவல் தெய்வம் மலையை விட்டே போய்விடும்" என்று சொல்லிவிட்டார். அவருடைய வைத்தியம் வேப்பங்குழை அடியும் மிளகாய்ப் புகையும். காணிக்கை ஒரு மூட்டை மிளகு. பாவாயி இதுவரை இரண்டு மூட்டைக்கு அடி வாங்கியிருந்தாள்.

மூன்றாவது மூட்டையோடு அத்தாயி மகளைத் தூக்கிக்கொண்டு போன காலையில், சாமியார் உட்கார்ந்த இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தார். பல் தந்தியடித்தது.

"அருள் வந்திருச்சுடோய்! அடிங்கடா மேளத்தை!" என்று கூவினார் ஊர்க்கவுண்டர் குப்புசாமி.

சாமி இறங்கியவருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது ஊர் வழக்கம். குடம் குடமாக ஊற்றினார்கள். "வேண்டாம்... கம்பளி..." என்ற அலறல் மேளத்தில் கரைந்தது. நடுக்கம் கூடக் கூட ஊருக்குப் பக்தியும் கூடியது.

"ஏனுங்க சாமி, காணாமப் போன எங்க எருமை எந்தத் திக்குலீங்க நிக்குது?" என்று கேட்டான் சின்னராசு.

அத்தாயி சாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கை சுட்டது. எத்தனையோ நாள் மகளின் நெற்றியில் சுட்ட அதே சூடு. காதருகே குனிந்தாள்.

"இது அருள் இல்லீங்க சாமி. எம் புள்ளைக்கு வர்ற காச்சல்."

"தாயி... பையில கொய்னா நிறைய இருக்கு. எடுத்துக் குடு. செத்துடுவேன்."

அத்தாயி குடத்தோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் நாலு குடம் ஊற்றினால் ஆள் முடிந்துவிடும். ஆனால் செத்த சாமியாருக்கு ஊர் கோயில் கட்டும்; அவர் போட்ட தடையும் சாமி வாக்காக நிலைத்துவிடும். பிறகு பாவாயிக்கு ஏது மருந்து?

"குடுக்கறேனுங்க. மொதல்ல ஊருக்கு வாக்குச் சொல்லுங்க. சத்தமா."

அவள் கை உயர்த்த, மேளம் நின்றது.

"கொ... கொய்னா தின்னுங்க! எல்லாரும் தின்னுங்க! தெய்வம் ஒத்துக்கிச்சு!"

"மொளகு?" என்றாள் காதோடு.

"மொளகை அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க!"

குப்புசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன மனசுடா சாமிக்கு!"

அத்தாயி பையை அவிழ்த்தாள். முதல் மாத்திரை பாவாயிக்கு. சாமியார் வாயைத் திறந்தபடி தன் முறைக்குக் காத்திருந்தார்.

காய்ச்சல் விட்ட மறுநாளே அவர் யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கிவிட்டார். பாவாயிக்கு அடுத்த வாரம் குளிர் வரவேயில்லை. தானே கட்டிலை விட்டு இறங்கி வந்து சாமைச் சோறு கேட்டாள். அத்தாயி அள்ளி வைத்தாள்.

"இன்னும்" என்றது பிள்ளை.