கடைவாய்ப்பல் வழக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கணவர் அகிலேஷ் பக்கத்து வீட்டு சிவதாணுவின் நெற்றியைக் கம்பால் அடித்துப் பிளந்துவிட்டாராம். புகார் அப்படித்தான் சொன்னது. அதே ஐந்து மணிக்கு அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தார். நான் அவருடைய செருப்புக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தேன். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய டாக்டர், தேதியும் நேரமும் போட்டு ஒரு சீட்டும் கொடுத்தார்.

ஏழு மணிக்கு, கேரளப் பக்கம் குன்னத்துகாலில் வீடு வந்து சேர்ந்தபோது எங்கள் பலாமரத்தின் கொம்பு ஒன்று பாதி அறுபட்டுத் தொங்கியது. சிவதாணுவின் கூரையில் நாலு ஓடு நொறுங்கிக் கிடந்தது. அந்தக் கொம்பு அவர் கூரைமேல் கிடக்கிறது என்று எங்களோடு ஒரு வருடமாகச் சண்டை. கேட்காமல் ஏறி அறுக்கப் போய் விழுந்திருக்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விழுந்தேன் என்று சொல்ல மனிதருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அடித்தான் என்று சொல்ல அது தாராளமாக இடம் கொடுத்தது.

என் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஜூனில் பள்ளி திறக்கும் முன்னால், தன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீசில் பேப்பர் வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிச் சாவி வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலையில், சிவதாணு புகார் கொடுத்திருக்கிறார் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "நெய்யாற்றின்கரை கோர்ட்டில இலவச சட்ட உதவி உண்டு, திங்கக்கிழமை அங்க போவோம்" என்றேன். அதற்குள் பொன்னப்பன் மாமா வந்துவிட்டார். என் கணவரின் தாய்மாமன். வாழ்நாளில் மூன்று வழக்கு நடத்தி மூன்றிலும் தோற்றவர். அதனால் எங்கள் பக்கத்தில் சட்டம் தெரிந்தவர் என்று பெயர்.

"எலே மக்கா, சும்மா கிடைக்குத வக்கீலு சும்மாதான் இருப்பான். நமக்கு வேண்டியது கவுண்டர் கேஸ் ஆக்கும், அவன்மேல நாம திருப்பிக் குடுக்குத கேஸ்," என்றார் மாமா. "அவன் ஆஸ்பத்திரியில படுத்தாச்சு. நீயும் போய்ப் படு. படுக்காதவன் ஜெயிச்சதா சரித்திரம் உண்டா?"

எங்கள் ஊர் வழக்கம் அதுதான். அடித்தவன், அடிபட்டவன், விலக்கிவிடப் போனவன், எல்லாரும் முதலில் ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். பிறகுதான் யார் யாரை அடித்தார்கள் என்ற பேச்சே வரும்.

"எனக்குத்தான் ஒரு காயமும் இல்லியே மாமா," என்றார் என் கணவர். ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கியிருந்ததால் அதுவே பாதிதான் வெளியே வந்தது.

மாமா அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "வாயைத் திற லே!" திறந்தார். "பல்லு போயிருக்கு! பல்லு போனா கொடுங்காயம் ஆக்கும். சிவதாணு தொலைஞ்சான்!"

"அது டாக்டரு பிடுங்கினதாக்கும். சீட்டு உண்டு," என்றேன் நான்.

"அந்தச் சீட்டைக் கொண்டு அடுப்பில போடு, லேகா."

நான் போடவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்தேன். ஆனால் என் கணவர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்ததை என்னால் தடுக்க முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதுதான். ஆஸ்பத்திரி டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்: "ஒற்ற இடிக்கு அணப்பல்லு மாத்ரம் போயோ?" ஒரே குத்தில் கடைவாய்ப்பல் மட்டும் எப்படிப் போகும் என்கிறார். நியாயமான கேள்வி. மாமா முந்திக்கொண்டு, "அவனுக்க கை அப்பிடி, டாக்டரே" என்றார். நோயாளி சொன்னபடி, வெள்ளி மாலை ஐந்து மணிக்கு, பலாமரத்தடியில், சிவதாணு குத்தியதாக டாக்டர் எழுதினார். என் கணவர் தலையை ஆட்டினார். பிறகு போலீசிடமும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வழக்கும் பதிவானது. மாமா கொண்டாட்டமாகச் சுடச்சுட பழம்பொரி பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் கணவரை இழுத்துக்கொண்டு சட்ட உதவிக்குப் போனேன். பின்சி என்ற வக்கீலம்மாவிடம் எங்களை அனுப்பினார்கள். நிதானமானவர். எல்லாப் பேப்பரையும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உண்மையில எங்க இருந்தீங்க?"

நான் சீட்டை எடுத்து நீட்டினேன். ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு அரிசியைத் தட்டிவிட்டுப் படித்தார்.

"இதை சனிக்கிழமையே ஸ்டேஷன்ல காட்டியிருந்தா கேஸே வந்திருக்காது," என்றார். "இப்ப நீங்களே அந்த நேரம் பலாமரத்தடியில நின்னதா எழுதிக் குடுத்தாச்சு. இந்தச் சீட்டைக் காட்டினா நீங்க குடுத்தது பொய்ப் புகாருன்னு ஆகும். காட்டாட்டி அவரு புகார் நிக்கும். நான் பொய் எழுத மாட்டேன். ரெண்டு பேரும் சமாதானமாப் போறதுதான் வழி."

என் கணவர் அவர் முன்னாலேயே அழுதுவிட்டார். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

வழக்குகளைச் சமாதானமாகப் பேசி முடிக்கும் அதாலத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். "அவன் அடிச்சதை நான் மறந்தாச்சு," என்றார் நெற்றித் தழும்போடு சிவதாணு. "அவரு குத்தினதை நானும் மன்னிச்சாச்சு," என்றார் என் கணவர். அந்த வெள்ளிக்கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடச் செய்யாத இரண்டு பேர், நடக்காத சண்டைக்காகக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பள்ளி மேனேஜர் சமாதானப் பேப்பரை இரண்டு தடவை படித்தார்.

"சமாதானம் ஆச்சுன்னா சண்டை நடந்திருக்கு இல்லியா, அகிலேஷே? ஒருத்தனுக்க மண்டையை உடைச்ச ஆளை நம்பி நான் எப்பிடிப் பிள்ளைகளை ஏத்தி விட?"

பன்னிரண்டு வருடம் ஒரு கோழிமேல் கூட வண்டியை ஏற்றாத மனிதர். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்து, வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டார். "விடப்பிடாது மக்கா. ஸ்கூலுக்கு எதிரா கேஸ் குடுப்போம். மன வேதனைன்னு சொல்லி நீ முதல்ல ஆஸ்பத்திரியில போய்ப் படு," என்றார்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த என் கையில் ஈர்க்கு விளக்குமாறு இருந்தது. ஓங்கினேன். மாமாவுக்கு அந்த வயதில் அவ்வளவு வேகம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பொன்னப்பன் என்பவர் முதுகில் பலத்த அடியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாராம்.

நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நேரே பின்சி வக்கீலம்மாவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஓங்கினேன், ஆனால் படவில்லை. படாததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அதை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.