பாட்டில்லாத ஆல்பமும் கூடுதல் அறைகளும்

அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு முடித்தவர்களின் வீட்டில் ஓர் அறை கூடியது. வெளியே நின்று பார்த்தால் கட்டடம் பழைய அளவில்தான் இருக்கும். சுவரில் விரிசல் இருக்காது, சிமெண்ட் வாசனைகூட வராது. நேற்றுவரை காலண்டர் தொங்கிய இடத்தில் ஒரு கதவு இருக்கும், திறந்தால் அறை இருக்கும். முதல் அறை வந்தது பல் டாக்டரின் கம்பவுண்டர் வீட்டில் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, ரயில்வேயில் ஓய்வுபெற்ற தம்பதியின் வீட்டில்தான் என்று வேறு சிலர் அடித்துச் சொல்கிறார்கள். தகராறெல்லாம் யார் வீட்டில் முதலில் என்பதில்தான், வந்ததா என்பதில் இல்லை.

ஆல்பத்தைச் செய்தவர்கள் நான்கு பேர். மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலைக்குள் கருவிகளை இறக்கி, குளிரில் விரல் விறைக்க விறைக்கப் பதிவு செய்தார்கள். பாடுகிறவர் யாரும் கிடையாது. ஒவ்வொரு உருப்படியும் ஒருவர் சாவகாசமாகக் குளித்துத் தலை துவட்டி முடிக்கிற நேரத்தையும் தாண்டி ஓடும். ஒரு கிட்டார் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இன்னொன்றின் கம்பிகளை வயலின் வில்லால் இழுத்தார்கள். டிரம்ஸ் வெகுநேரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, எல்லோரும் அதை மறந்த பிறகு மலைச்சரிவுபோல வந்து இறங்கும். வெளிவந்த புதிதில் கேட்டவர்கள் கேட்ட ஒரே கேள்வி, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்பதுதான். பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுபவர், பாடகர் வருவார் வருவார் என்று காத்திருந்து தன் காபி ஆறிப்போனதாக எழுதினார். உடற்பயிற்சிக் கூடம் நடத்தியவர் ஒருநாள் போட்டுப் பார்த்தார். எடை தூக்க வந்தவர்கள் எடையைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்ததால் மறுநாளே எடுத்துவிட்டார்.

டிரம்ஸ் வாசித்தவனின் அக்கா பஸ் கண்டக்டர். ஊரிலேயே கூட்டம் அதிகமான தடம் அவளுடையது. விடிந்ததிலிருந்து அடுத்தவர் முழங்கைக்கும் அடுத்தவர் பைக்கும் நடுவில் நின்று டிக்கெட் கிழித்துவிட்டு வீடு திரும்பினால், அங்கேயும் நெரிசல்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவனுக்கு முன்னறை சோபா, மாமியாருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் படுக்கையறை, கூரியர் ஆபீஸில் இருக்கும் கொழுந்தனுக்கு டிவிக்கு முன்னால் தரை. கண்டக்டருக்கென்று எது என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. மற்றவர்கள் படுத்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் படுத்துக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாளில் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். ஊரில் ஒருத்தர்கூட முழுதாகக் கேட்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்து மட்டும் சொல்கிறார்கள் என்று புலம்பினான். "நீயாவது முழுசா கேளுக்கா. நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னே சொல்லு" என்றான். வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, உட்கார்ந்து கேட்க அந்த வீட்டில் இடமில்லை. தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே கதவு குளியலறையுடையது. மறுவாரம் மத்தியானம், இயர்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் அவளும் எல்லோரையும்போலப் பாட்டுக்காகக் காத்திருந்தாள். பிறகு, காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. அந்த ஒற்றைச் சுரம் நகராமல் நின்றது, அவளும் நகரவில்லை. தம்பியின் டிரம்ஸ் வந்து இறங்கியபோது கவிழ்த்த வாளி அதிர்ந்தது. சில்லறை கேட்காத, வழி கேட்காத, தண்ணீர் கேட்காத, எதையுமே கேட்காத நான்கு பேர் தன்னோடு இருக்கிறார்கள் என்று பட்டது. அழுதாள் என்று சொல்ல முடியாது. நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள், அவ்வளவுதான். முடிந்ததும் தாழை நீக்கி வெளியே வந்தாள். எதிரே செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் வெறும் சுவராக இருந்த இடத்தில் பச்சை வண்ணம் அடித்த கதவு இருந்தது. உள்ளே வெள்ளைச் சுவர், குளிர்ந்த சிமெண்ட் தரை, அந்தக் கட்டடம் எட்டவே முடியாத உயரத்திலிருந்து தெருவைப் பார்க்கும் ஒரு ஜன்னல். வேறு எதுவும் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கால் எதன்மேலும் இடிக்கவில்லை. சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து, நல்லாயிருக்கு, ஆனா இரண்டாவது கொஞ்சம் இழுக்குது என்று உள்ளதைச் சொன்னாள்.

இதற்குள் ஊரில் அங்கங்கே அறைகள் வந்துகொண்டிருந்தன. கேட்ட விதத்துக்குத் தக்கபடிதான் கிடைத்தது. காய் நறுக்கிக்கொண்டே கேட்டவர்களுக்கு ஸ்டோர் ரூம் அளவில் வந்தது. போனை நோண்டிக்கொண்டே கேட்டவர்களுக்குச் சுவரில் ஒரு மாடம். கேட்காமலே பிரமாதம் என்று சொல்லித் திரிந்த பல் டாக்டருக்குத் தேக்கில் இழைத்த கதவு வந்தது, திறந்தால் பின்னால் சுவர்.

கண்டக்டரின் வீட்டில் அறையைப் பற்றிய பேச்சு அன்றைக்கே முடிவாகிவிட்டது, அவளைக் கேட்காமல். கொழுந்தனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள், தனியறை இல்லையே என்றுதான் தேதி தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. மாமியார் கட்டிலுக்கு அளவெடுத்துவிட்டார். கணவன் தலையாட்டினான்.

"சின்னவனுக்காகவே கடவுள் பார்த்துக் குடுத்த ரூம்" என்றார் மாமியார்.

"கடவுள் குடுக்கல அத்தை. நான் உக்காந்து கேட்டேன், வந்துச்சு. அதை யாருக்கும் தரமாட்டேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் அப்படியொரு வாக்கியத்தை அந்த வீடு கேட்டதில்லை. மாமியார் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, சாப்பிடுறவங்க சாப்பிடலாம் என்பார். கணவன் இரண்டு பக்கமும் சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கொழுந்தன் ரோஷக்காரன். எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொள்கிறேன் என்று இயர்போனை மாட்டினான். ஆனால் பொறுமையில்லாதவன், தள்ளித் தள்ளிவிட்டுக் கேட்டான். ஒரு ஹெல்மெட் வைக்கிற அளவுக்கு அவனுக்குப் பரண் கிடைத்தது.

நகராட்சி இன்ஜினியர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே அளந்தால் குறைவாகவும் உள்ளே அளந்தால் அதிகமாகவும் வந்தது. மறுபடி அளந்தார், பிறகு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அனுமதியில்லாமல் வந்த அறைகளைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும், ஆல்பத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பாடகரை அழைத்து மேலே பாட வைத்துப் பார்த்ததில், அந்த வடிவத்தைக் கேட்டவர்கள் வீட்டில் எதுவும் வரவில்லை. கேட்டவர்கள் முணுமுணுத்தார்கள், மறந்தார்கள், வேலையைப் பார்த்தார்கள். பழையது தவறு, இதுவே சரியான ஆல்பம் என்று நான்கு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கொடுக்காவிட்டால் இனி எந்த மேடையிலும் ஏற முடியாது.

தம்பி டெப்போவுக்கே வந்துவிட்டான். மற்ற மூவரும் உன் அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் படியில் ஏறப்போனவள் நின்றாள்.

"தினம் உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்துறேன்டா. உள்ள இடம் இருக்கான்னு ஒருநாளும் பார்த்ததில்ல. நீங்க இடம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. அதுல ஒருத்தன் வந்து நின்னு பாட வேணாம்."

நான்கு பேரும் எழுதிக் கொடுக்கவில்லை. கம்பெனி ஆல்பத்தை எடுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குக் கைமாற்றிவிட்டார்கள், அது எடுக்கப்படாததற்குச் சமமாயிற்று.

கொத்தனார்கள் அவள் தெருவுக்கு வந்த காலையில் கண்டக்டர் லீவு போட்டிருந்தாள். செங்கல்லை இறக்குவதற்குள் அறைக்குள் போய் நின்றுகொண்டு, அடைக்கிறதானால் என்னையும் சேர்த்து அடையுங்கள் என்று சொல்லிவிட்டாள். இன்ஜினியர், அம்மா வெளியே வாங்க என்றார். அவள் வரவில்லை. தம்பியிடம் இரவல் வாங்கிய ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து ஆல்பத்தைப் போட்டாள். முதல் சுரம் தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தம்பதி தங்கள் ஜன்னலைத் திறந்து அதையே போட்டார்கள், பிறகு தையல் கடை, பிறகு அதற்கடுத்த கட்டடம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காததால் சுரம் தெருவில் அலையலையாகப் போய் வந்தது. அவளுடைய தடத்துப் பஸ், செங்கல் வண்டி மறித்ததில் வழியில்லாமல் அங்கேயே நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். பயணிகள் இறங்கவில்லை.

கொத்தனார்கள் காதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலையை ஆரம்பித்தார்கள். ஒரு வரிசை கட்டினால் வாசல் அந்த அளவுக்கு அகன்றது. இன்னொரு வரிசை கட்டினார்கள், இன்னும் அகன்றது. கொண்டுவந்த செங்கல் தீர்ந்தபோது வாசல் மாட்டுவண்டி நுழையும் அகலத்தில் இருந்தது. கண்டக்டர் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரம்ஸ் வந்து இறங்கியது. மேஸ்திரி கரண்டியைத் துடைத்து, "இது ஆகிற வேலை இல்ல சார்" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அன்று மாலை அவர் வீட்டிலும் ஓர் அறை வந்தது. பஸ்ஸும் உள்ளே நீண்டுவிட்டது. அந்த ஒரு வண்டியில் மட்டும் எவ்வளவு பேர் ஏறினாலும் எல்லோருக்கும் சீட் உண்டு.

இத்தனையும் நடந்தபோது மாமியார் சமையலறையில்தான் இருந்தார். காதைப் பொத்திக்கொள்வதுகூடத் தோற்றுப்போனது மாதிரி ஆகிவிடும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, கையில் வேலை எதுவும் இல்லாமல் முழுதும் கேட்டார். சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்குப் போய்க் குற்றங்களை வரிசையாகச் சொன்னார்: எந்த இடத்தில் டிரம்ஸ் தாமதமாக வருகிறது, எந்த இடத்தில் கிட்டார் எண்ணெய் போடாத கேட் மாதிரிக் கீச்சிடுகிறது, எங்கே ஒருவன் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. வாசித்தவர்களுக்கே தெரியாத தவறுகள் அவை. ஊரில் வேறு எவரும் அந்த ஆல்பத்தை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை. மறுநாள் காலை சமையலறைப் பக்கம் ஒரு கதவு இருந்தது. ஊரிலேயே பெரிய அறை, பால்கனியோடு. மாமியார் சுற்றிப் பார்த்தார்.

"அது பாட்டே இல்ல" என்று சொல்லிவிட்டுப் படுக்கையைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்.

காலியான படுக்கையறையில் கொழுந்தன் கல்யாணம் முடித்துக் குடியேறினான். பெண்பிள்ளைகள் பாட்டியோடு போனார்கள், பிறகு வளர்ந்து அவரவர் காதால் அவரவர் அறையைச் சம்பாதித்துக்கொண்டார்கள். நகராட்சி உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை, யாரும் நிறைவேற்றவும் இல்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் கட்டின அறை எத்தனை, கேட்ட அறை எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். நான்கு பேரையும் இன்றுவரை எந்த மேடையும் கூப்பிடவில்லை. அவர்கள் ஐஸ் தொழிற்சாலையிலேயே வாசிக்கிறார்கள், கூட்டம் எவ்வளவு வந்தாலும் அங்கே இடம் போதுகிறது.

மாமியாரும் மருமகளும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், எப்போது என்று இருவருக்கும் நினைவில்லை. ஒருநாள் டியூட்டி முடிந்து வந்த கண்டக்டர், காபிப் பொடி டப்பாவைக் காணோம் என்று மாமியாரின் கதவைத் தட்டினாள்.

"இப்ப முடியாது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன அத்தை செய்றீங்க?"

"ஒண்ணும் செய்யல. அதான் முடியாது."

கண்டக்டர் டப்பாவைத் தானே தேடி எடுத்து, காபி போட்டு, டம்ளரோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.