தெற்கே ஒன்றும் விழவில்லை

துறைமுகத்தில் அவரை 'நேர்கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். குறுக்கே மிதவை நின்றாலும் படகைத் திருப்பமாட்டார், மிதவைதான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கேலி. அவருக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மீன்வளத்துறைக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரியம்மா, படகுக்காரர்களை ஏலக்கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். செவுள் வலை கடலுக்குள் சுவர் மாதிரி நிற்கிறது. மீனுக்கு விரித்த வலையில் டால்பினும், அதற்குச் சொந்தக்கார இனமான மொட்டை மூக்குக் கடற்பன்றியும் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் சாகின்றன. எங்கே எத்தனை சாகின்றன என்று தெரிந்தால்தான் விதி போட முடியும்.

"இந்தப் பருவம் முழுக்க, விழுந்தத மறைக்காம கரைக்குக் கொண்டு வாங்க. யார் மேலயும் வழக்கு வராது. அதுக்கு நான் பொறுப்பு."

எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும், கடலிலேயே அறுத்துப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்தார்கள். நேர்கோட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் புருஷனைத் தனியாக இழுத்துப் போனார். கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டுக்கு வடக்கே வலை விரிப்பவர் இவர் ஒருவர்தான்; மற்றவர்களுக்கு அந்த நீரோட்டம் ஒத்துவராது. மாப்பிள்ளை எல்லோரையும்போலத் தெற்கே.

"ஊரு என்ன வேணா பண்ணட்டும் மாப்ள. நாம ரெண்டு பேரும் உள்ளத உள்ளபடி கொண்டு வருவோம்."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான்." மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்து அழுத்தினான். சுக்கான் பிடிக்கவே அவரிடம் கற்றுக்கொண்டவன் அவன்.

இவர் வலையில் இரண்டு முறை டால்பின் விழுந்தது. இரண்டையும் கரைக்குக் கொண்டு வந்தார். "என்ன நேர்கோடு, மீன விட்டுட்டுப் பிணவண்டி ஓட்டக் கிளம்பிட்டியா?" என்று ஐஸ் உடைக்கிறவன்கூடக் கேட்டான்.

பருவம் முடியப்போகும் சமயத்தில் ஒருநாள் காலை, வயர்லெஸ்ஸில் மாப்பிள்ளையின் குரல். "மச்சான், சீக்கிரம் வாங்க. எங்களால தூக்க முடியல."

போனார். தாயும் குட்டியுமாக இரண்டு டால்பின்கள் மாப்பிள்ளையின் வலையில் சுற்றிக்கொண்டு செத்துக் கிடந்தன. தாயின் துடுப்பில் நைலான் எலும்புவரை இறங்கியிருந்தது. குட்டியை வலை லேசாகத்தான் பிடித்திருந்தது. தாயை விட்டு விலகியிருந்தால் பிழைத்திருக்கும். சேர்ந்து இழுத்து மேலே போட்டார்கள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்குகிறான் போலிருக்கிறது என்று இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நேரா கரைக்குக் கொண்டு போயிடு மாப்ள."

"சரி மச்சான்."

அடுத்த கூட்டத்தில் அதிகாரியம்மா சுவரில் கடல் வரைபடத்தை மாட்டிவிட்டு ஒவ்வொரு படகாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. மாப்பிள்ளையின் முறை வந்தபோது இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெற்கே ஒண்ணும் விழலீங்க."

இவர் திரும்பி அவனைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தெற்கு திறந்திருக்கும், வடக்கே இனிமேல் செவுள் வலை கூடாது என்று முடிவாயிற்று. அதிகாரியம்மா இவரைப் பார்த்து, "உண்மையைக் கொண்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கே அடி விழுது, எனக்கும் கஷ்டமா இருக்கு. ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

எழுந்தார். ஒரு வார்த்தை போதும். ஆனால் தங்கையின் முகம் குறுக்கே வந்து நின்றது. "இல்லம்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷன் என் கழுத்த அறுத்துட்டான்."

அவள் ஈரத்துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். "அவரத் திட்டாதேண்ணே. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்."

"நீயா?" என்றார்.

"நீ எப்படியும் உள்ளதச் சொல்லத்தான் போற. உன்ன யாராலயும் மாத்த முடியாது. அவரும் சொன்னா ரெண்டு பக்கமும் மூடிடுவாங்க. ஒரு பக்கமாவது மிஞ்சட்டுமேன்னு..."

"என் பக்கம் போனாப் போகட்டும்னு."

"எங்க படகுல வந்து சேந்துக்கோ. உனக்கு இல்லாததா?"

"நாளைக்கே ஆபீசுக்குப் போய்ச் சொல்லிடுவேன்."

"மாட்ட. இன்னிக்கே சொல்லலியே."

அவள் குரலில் ஏளனம் இல்லை. கூடப் பிறந்தவனை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவளின் நிச்சயம்தான் இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது. மாப்பிள்ளை பயந்துபோய்ப் பொய் சொன்னான் என்றால் மன்னித்துத் தொலைக்கலாம். இவள் அண்ணனின் நல்ல குணத்தை நம்பியல்லவா கணக்குப் போட்டிருக்கிறாள்!

"உக்காருண்ணே, டீ போடறேன்" என்றாள். அவர் படியிறங்கிவிட்டார்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. அவர் ஆபீஸ் பக்கம் போகவில்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, வடக்கே தூண்டில் போட்டுக் கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளினார். அப்படியிருக்கும்போது அதிகாரியம்மா படகுத்துறைக்கே வந்தார். கையில் கத்தரிக்காய் அளவில் ஒரு கருவி. வலையில் கட்டினால் தண்ணீருக்குள் சத்தம் போடும். டால்பின் ஒதுங்கிப் போகும்.

"இத வச்சு வடக்கே சோதனைக்கு வலை விரிக்க உங்களுக்கு அனுமதி வாங்கியிருக்கேன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டுறேன். தெற்கேயும் எல்லா வலையிலயும் கட்டச் சொல்லுங்க."

"அங்கதான் ஒண்ணும் விழலையே?"

அவர் கடலைப் பார்த்தார். "கட்டச் சொல்லுங்கம்மா."

அதிகாரியம்மா தெற்குப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "யாருன்னு கேக்கமாட்டேன். கேட்டாலும் நீங்க சொல்லமாட்டீங்க" என்றார். இவளும் என்னைப் படித்துவிட்டாள் என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

தெற்குக்கும் உத்தரவு வந்தது. மாப்பிள்ளை கருவியும் வலையுமாக இவரிடம் வந்து நின்றான். "மச்சான், இத எப்படிக் கட்டறது?"

வாங்கினார். மேல்கயிற்றில் வைத்து, நழுவாமல் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் காட்டினார். வலையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னா, உங்க தங்கச்சி."

"வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் படகுக்குள் இறங்கினார். அன்றைக்கு அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.