அக்காவுக்கு அடித்த என்ஜின் காய்ச்சல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கு, அவளுடைய பழைய காரின் என்ஜின் சூடு இரண்டு வருடம் காய்ச்சலாக அடித்தது. என்ஜின் ஓடினால் நெற்றி கொதிக்கும், நிறுத்தினால் ஆறிவிடும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் யாராவது அந்தக் காரைக் கிளப்பினாலும், நெற்றியில் போட்ட ஈரத்துணி ஆவி விட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான், "எல்லாம் டென்ஷன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும். என்ஜினைத் தொட்டுப் பார்த்து நிலவரம் சொல்கிற சென்சார்களிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் ஒயர்கள் மேல்தோல் உளுத்து உதிர்ந்துபோயிருந்தன. போய்ச் சேர வேண்டிய சேதி வழி தெரியாமல் அவளிடம் வந்துவிட்டது. அந்தக் காரில் வருடக்கணக்காக, தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, பழக வந்தவர்களுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். வேறு யாரிடம் போகும்?

காய்ச்சலோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சாரின் ஒயர் உரிந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சுழற்சியைக் கணக்கிடுகிற சென்சாரின் ஒயர் உரிந்தபோது தலை சுற்றியது. என்ஜினுக்குள் தட்டுகிற சத்தத்தை ஒட்டுக்கேட்க ஒரு சென்சார் உண்டு. அதன் ஒயரும் போனபோது அவளது வலது முழங்கால் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. பழக வந்த பெண், யாரோ கதவைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். இந்த மூன்றும் என்ஜின் நின்ற பிறகும் அவளை விடவில்லை. டாக்டர், காய்ச்சலையும் சேர்த்து நான்கையும் நான்கு நோயாகப் பிரித்து நான்கு மாத்திரை கொடுத்தார். குறையாதபோது மாத்திரையின் நிறத்தை மாற்றினார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். வண்டிக்கும் பார் என்று ஒரு புண்ணியவான் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவன் அவளுடைய தம்பி. சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன், கை சுத்தமானவன், அக்காள் மேல் உயிரையே வைத்திருப்பவன். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. காரில் சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. அவன் சென்சாரை மாற்றினான். முள் எழவில்லை. இன்னொரு கம்பெனி சென்சார் போட்டான். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றினான். இந்த முனையில் புதுசு, அந்த முனையில் புதுசு, நடுவில் கிடக்கும் ஒயரை மட்டும் தொடமாட்டான். கம்பெனிக்காரன் ஒயர்க்கட்டின்மேல் சுற்றிய டேப்பைப் பிரிக்கக் கூடாது என்பது அவன் ஷெட்டின் சட்டம். "அசையற சாமான்தாங்க்கா தேயும். ஒயர் பாட்டுக்குச் சும்மா கெடக்குது, அதுக்கு என்ன கேடு வரப்போவுது?" என்றான். அடுப்புக்குப் பக்கத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடப்பதே ஒரு கேடு என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓட வேண்டிய ஒயருக்குச் சூடு தாங்காத தோலைப் போர்த்தி விற்ற கம்பெனிக்கு உறைத்ததா என்றால், அதுவும் இல்லை.

"உள்ள கொதிக்குதுடா. எனக்குத் தெரியுது" என்று அவள் சொல்லாத நாளில்லை.

"முள்ளு அடியிலதான நிக்குது? உனக்கு இந்த வயசுல இப்படித்தான் இருக்கும். பெரிய அத்தைக்குக்கூட இருந்துச்சு" என்பான் அவன். பெரிய அத்தைக்குக் காரே கிடையாது.

இப்படியிருக்கையில் கற்றுக்கொடுப்பதற்கான உரிமத்தைப் புதுப்பிக்கும் வருடம் வந்தது. அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். நான்கு நோய்க்காரி பிரேக்கில் கால் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். மாதக் கடைசிக்குள் உடம்பு சரியானால் கையெழுத்து, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். அந்த ஊரில் இன்று கார் ஓட்டுகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். அவளுக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்திருந்தாலும் பார்த்திருக்கமாட்டாள். வீட்டுக்காரர் ஆறுதலாக, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடேன்" என்றார். அன்று சமையலறையில் ஒரு பாத்திரமும் தன் இடத்தில் இருக்கவில்லை.

மறுநாள் அவள் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு, கார் நின்றிருந்த ஷெட்டுக்குப் போனாள். பானெட்டைத் தூக்கி, தம்பி "ஐயோ, டேப்பு, டேப்பு!" என்று ஓடி வருவதற்குள், என்ஜின்மேல் கிடந்த ஒயர்க்கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழித்துவிட்டாள். உள்ளிருந்து சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒயர்கள் அம்மணமாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. தம்பி குனிந்து ஒரு பொருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"இதைத்தாண்டா ரெண்டு வருஷமா சொன்னேன்."

"நீ ஒயருன்னு சொல்லலையேக்கா."

"எனக்கு எரியுதுன்னு சொன்னேன்ல? அது பத்தாதா?"

தம்பி பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். சேதமான இடத்தை வெட்டி எறிந்து, சூடு தாங்கும் புது ஒயரை அளந்து, ஸ்லீவ் என்கிற குழாய் உறையைக் கோத்து, செம்பு இழைகளை முறுக்கி ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஆறியதும் ஸ்லீவைப் பற்றவைத்த இடத்துக்குத் தள்ளி, அனல் காட்டிச் சுருக்கினான். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் எது எதோடு என்று தெரியாமல் போகும் என்பதால் ஒவ்வொன்றாகத்தான் செய்தான். அக்காள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஒயர் சேர்ந்ததும் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அடுத்ததில் தலைசுற்றல் நின்றது. முழங்கால் கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டு ஓய்ந்தது. சூட்டுக்கான ஒயர் முடிந்ததும் பேட்டரியை மாட்டி என்ஜினை ஓடவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கூட வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று தலையாட்டினார்.

மாதக் கடைசியில் டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, "பார்த்தீங்களா, மாத்திரை கேட்டுடுச்சு" என்றார். அவள் வாயைத் திறக்கப் போனாள். தம்பி அவள் கையைப் பிடித்து அழுத்தினான். கையெழுத்து விழுந்தது.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். மேட்டில் ஏறுகையில் முள் மெல்ல எழுந்து, பாதியைத் தாண்டி, சிவப்புக் கோட்டின் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது. என்ஜினைக் குளிர்விக்கிற ரேடியேட்டர் எப்போதோ ஒழுக ஆரம்பித்திருந்தது. இரண்டு வருடம் அந்தச் சூடு முழுவதையும் அவள்தான் தாங்கியிருந்தாள். தம்பி இருக்கையிலிருந்து எகிறிக் குதித்தான். "நிறுத்துக்கா, நிறுத்து! கொதிக்குது பாரு!" என்று கத்தி, வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, எதிர் வீட்டுக் குழாயை நோக்கிச் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினான்.

முள் ஒருமுறைதான் சொல்லியிருந்தது. அக்காள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை. நெற்றி மட்டும் பானைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது.